கையில் இருந்த ஒரு வருஷம்

என் வயசுக்காரங்களே, முதலில் ஒரு கேள்வி. உங்கள் வகுப்பில் ஜூன் ஒண்ணாம் தேதி பிறந்தவர்கள் எத்தனை பேர்? எங்கள் வகுப்பில் ஒரு பெஞ்சு முழுக்க இருந்தோம். அத்தனை பேரும் பள்ளிக்கூடம் திறக்கிற நாளாகப் பார்த்து இந்த உலகத்துக்கு வந்திருக்கிறோம். அதைப் பற்றி நாங்கள் யாரும் யோசித்ததில்லை. வீட்டில் கேசரி கிண்டுகிற பிறந்தநாள் ஒன்று, சர்டிபிகேட்டில் இருக்கிற பிறந்தநாள் ஒன்று. முதலாவது சாமிக்கும் சொந்தக்காரர்களுக்கும். இரண்டாவது கவர்மெண்டுக்கு. வீட்டுக்கு ஒரு செருப்பு, வெளியே போக ஒரு செருப்பு மாதிரி ரெண்டும் வாசலில் கிடக்கும்.

எனக்கு வீட்டுப் பிறந்தநாள் பங்குனி உத்திரம். காஞ்சிபுரத்தில் அன்றைக்கு ஏகாம்பரநாதருக்குக் கல்யாணம். தெருவெல்லாம் சீரியல் லைட்டு, மேளம், கால் வைக்க இடமில்லாத கூட்டம். "உன் பொறந்த நாளுக்கு ஊரே லைட்டு போட்டுக்கினு இருக்குது பாரு" என்பார் அப்பா. ரொம்ப நாள் நம்பினேன்.

நான் எழுத நினைத்தது பள்ளிக்கூடம் சேர்ந்த அந்தக் கோடையைப் பற்றித்தான். ஆனால் அதைத் தொட்டால் மற்றதும் பின்னாலேயே வருகிறது. வரட்டும்.

அப்பாவுக்குக் காந்தி ரோட்டில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்துச் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. அம்மா வீட்டில் சேலை முந்தானைகளுக்குக் குஞ்சம் கட்டுவாள். நான் வீட்டில் இருந்தால் நூலைக் கலைத்துவிடுவேன் என்று அந்த மே மாதம் முழுக்க அப்பாவின் மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு கடைக்குப் போனேன். கடைக்குள் குளிரும். தரை முழுக்க மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு. புதுப் பட்டுக்கு ஒரு வாசனை உண்டு, கஞ்சியும் கற்பூரமும் கலந்த மாதிரி. அப்பா ஒரு சேலையை எடுத்து உதறினால் சொடக்குப் போடுகிற சத்தம் வரும், சேலை வழுக்கிக்கொண்டு போய் அந்த அம்மாவின் மடியில் நிற்கும். ஒரு தடவையும் அது தரையில் விழுந்து நான் பார்த்ததில்லை.

மத்தியானம் கூட்டம் இருக்காது. அப்பா கடையின் அந்தக் கோடியில் நின்று சேலையைத் தூக்கிப் பிடிப்பார். இந்தக் கோடியிலிருந்து நான் கத்த வேண்டும்.

"இன்னா கலரு?"

"மயில் கழுத்து!"

"இது?"

"அரக்கு!"

"பார்டர்ல இன்னா இருக்குது? மயில்கண்ணா, குயில்கண்ணா?"

ரெண்டும் பட்டுக்கரையில் நெய்கிற சின்னச் சின்ன வட்டங்கள். ஒன்றுக்கும் மற்றதுக்கும் ஒரு சுற்றுத்தான் வித்தியாசம். பெரியவர்களே கையில் வாங்கி மூக்குக்கிட்டே கொண்டுபோய்த்தான் சொல்வார்கள். நான் அங்கிருந்தே சொல்வேன். தப்பியதில்லை. கடைக்காரர், அவரை நான் முதலாளி மாமா என்று கூப்பிடுவேன், கல்லாவிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"யோவ், கொழந்தைக்குக் கண்ணா அது?"

"கழுகுக் கண்ணு மொதலாளி. எங்க ஊரு அப்டி."

அப்பாவுக்கு ஊர் திருப்புட்குழி. சீதைக்காகச் சண்டை போட்டுச் செத்த கழுகுக்கு ராமர் வந்து காரியம் செய்த ஊர் என்பார்கள். அப்பா அந்தக் கழுகைப் பங்காளி மாதிரியே பேசுவார்.

அந்தக் கோடையில்தான் செவிலிமேட்டில் எங்கள் வீடு கட்டி முடிந்தது. முடிந்தது என்றால், மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை, படிக்கட்டுக்குப் பூச்சு இல்லை. ஆனாலும் மாடிக்குப் போவேன். அரக்கோணம் பக்கத்திலிருந்து சாம்பல் நிறத்தில் பெரிய விமானங்கள் தாழப் பறந்து கடல் பக்கம் போகும். ஏர்போர்ட் விமானம் மாதிரி மினுமினுப்பு கிடையாது. பள்ளிக்கூடத்து இரும்பு பீரோவுக்கு இறக்கை வைத்த மாதிரி இருக்கும். சத்தம் முதலில் வயிற்றுக்குத்தான் கேட்கும், அப்புறம்தான் காதுக்கு. வைகாசித் திருவிழாவில் சின்ன காஞ்சிபுரத்துக் கடைத்தெருவில் அழுது வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் பைனாகுலர் ஒன்று என்னிடம் இருந்தது. வாங்கிய அன்றே ஒரு பக்கத்துக் கண்ணாடி விழுந்துவிட்டது. வெறும் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் நன்றாகத் தெரிகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "அதுல ஒண்ணுமே இல்லடி" என்றாள். "அதான் நல்லா தெரியுது" என்றேன். விமானத்துக்கு முன்பக்கம் ஒரு ஜன்னல், ஜன்னலில் ஒரு தலை. அந்தத் தலையாக ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

அந்த பைனாகுலர் எங்கே போனது என்று தெரியவில்லை. பூச்சு வேலை நடந்தபோது மணலோடு போயிருக்கும்.

மே மாதக் கடைசியில் அப்பா எனக்கு ஒரு பயிற்சி ஆரம்பித்தார்.

"கையைத் தலைக்கு மேல வளைச்சு அந்தப் பக்கக் காதைத் தொடு பாப்பா."

தொட்டேன்.

"அவ்ளோ வேணாம். விரல் நுனி மட்டும் பட்டா போதும். கஷ்டப்பட்டு எட்டற மாதிரி தொடு."

"ஏம்பா?"

"உனுக்கு அஞ்சு வயசு. அஞ்சு வயசுப் புள்ளைக்கு அவ்ளோதான் எட்டும்."

"எனக்கு ஆறுப்பா. உத்திரத்துக்கு முடிஞ்சுதே."

"வீட்ல ஆறு. ஸ்கூல்ல அஞ்சு."

அம்மா குஞ்சத்திலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தாள். "கொழந்தைக்குப் பொய் சொல்லக் கத்துக்குடு. நல்ல அப்பன்."

"பொய் இல்ல. ஒரு வருஷம் அவ கையில இருக்கட்டும். எனுக்கு இல்லாமப் போச்சு, இவளுக்காவது இருக்கட்டும்."

அந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவை அவருடைய அப்பா சீக்கிரமே பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட, ஒரு வயசு கூட்டிச் சொல்லிச் சேர்த்தார். மத்தியானச் சோறு கிடைக்குமே என்று. பிற்பாடு அப்பா போலீசுக்கு எழுதினார், ஓடினார், கயிறு ஏறினார், எல்லாம் தேறியது. கடைசியில் சர்டிபிகேட்டைப் பார்த்து வயசு தாண்டிவிட்டது என்றார்கள். அந்தக் கூட்டிப் போட்ட ஒரு வயசுதான். அப்புறம் சேலைக்கடை. அதனால் எனக்கு அவர் ஒன்றைக் குறைத்துப் போட்டார். அதற்காகவே ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்தார். பிறப்புச் சான்றிதழ் எனக்கு வாங்கவே இல்லை. அப்பா வாயால் சொல்வதுதான் சான்றிதழ்.

பள்ளிக்கூடம் திறந்து நாலைந்து நாள் கழித்துப் போனோம். பெரிய டீச்சர் மேஜைக்கு முன்னால் வரிசை. எனக்கு முன்னால் ஒரு குட்டிப் பையன். அவனுக்குக் கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. அவன் அம்மா பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "அழுத்தாதீங்கம்மா, அடுத்த வருஷம் கூட்டியாங்க" என்றார் டீச்சர். பையனைவிட அந்த அம்மாதான் அழுகிற மாதிரி இருந்தாள்.

என் முறை வந்தது. அப்பா சொன்னதெல்லாம் நினைவில் இருந்தது. ஆனால் அத்தனை பேர் பார்க்கிறார்கள். அந்தப் பையனால் முடியவில்லை. என்னால் முடியும். கையைத் தூக்கி வளைத்துக் காதைத் தாண்டித் தாடையைப் பிடித்தேன்.

"இன்னா சார், அஞ்சு வயசுன்றீங்க. கொழந்த கை தாடையைத் தொடுது?"

"எங்க வம்சமே நெட்டை டீச்சர்."

டீச்சர் அப்பாவை ஒரு தரம் மேலிருந்து கீழே பார்த்தார். அப்பா அப்படி ஒன்றும் நெட்டை இல்லை.

"சரி. பொறந்த தேதி?"

அப்பா அதற்குத் தயாராக வரவில்லை. வருஷத்தைத்தான் யோசித்து வைத்திருந்தார்.

"ஜூன் ஒண்ணு போட்டுடவா?"

"போட்டுடுங்க டீச்சர்."

டீச்சர் எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப போன வாரம்தான் பொறந்தநாளா? சொல்லவே இல்லியே நீ?" மேஜை டிராயரைத் திறந்து ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். வெளியே வந்ததும் அப்பா என்னைத் தூக்கி மொபெட்டில் நிறுத்தினார். திட்டவில்லை. "எட்டுதுன்னா புடிச்சே தொங்கிடுவியா?" என்று மட்டும் கேட்டார். ரோடு முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். மிட்டாய் கொஞ்சம் புளித்தது.

அவ்வளவுதான் அந்தக் கோடை. அப்புறம் நிறைய வருஷம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

எட்டாவது படிக்கிறபோது, தீபாவளி நெருக்கத்தில் கடையில் நிற்கிறேன். பழைய விளையாட்டு ஞாபகம் வந்து அப்பா அந்தக் கோடியில் ஒரு மாம்பழக் கலர் சேலையைத் தூக்கிப் பிடித்தார்.

"பார்டர்ல இன்னா?"

"ப்ளெயின்."

"நல்லா பாரு."

"ப்ளெயின்தாம்பா. வெறும் ஜரிகை."

அப்பா சேலையை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றார். அப்புறம் மடித்து அலமாரியில் வைத்தார். நான் கிட்டே போய் எடுத்துப் பார்த்தேன். கரை முழுக்க மயில்கண்.

கண்ணாடி வந்தது. இடது கண்ணில்தான் பவர் அதிகம். பக்கத்து வீட்டு அக்கா பார்க்க வந்தபோது, "எடது கண்ணா, கவலையே இல்ல" என்றாள். கண்ணிழந்த நாயனார் ஒருவருக்கு ஏகாம்பரநாதர் இடது கண்ணை இங்கே திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு கதை இருக்கிறதே, அதை வைத்து. "வலது கண்ணுக்குத்தான் திருவாரூர் போவணும். பஸ் மாறி மாறிப் போவணும்" என்றாள். அம்மாவும் அவளும் சிரித்தார்கள். அப்பா மட்டும் என்னை அடுத்த திங்கட்கிழமையே கோயிலுக்குக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து வீட்டில் பொன்னாங்கண்ணிக் கீரை. கூட்டு, பொரியல், அடை. எனக்கு இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் மூக்கு தானாக அடைத்துக்கொள்கிறது.

விமானம் ஓட்டப் போவதற்கான விதிகளை நான்தான் தேடிப் படித்தேன். எனக்கு எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்ளப் பிடிக்காது. விமானப்படையில் ஓட்டுகிற பிரிவுக்குக் கிட்டப்பார்வை அறவே கூடாது. ப்ளஸ் டூ முடித்துப் போகிற வழியில் கண் ஆபரேஷன் செய்திருந்தாலும் சேர்க்க மாட்டார்கள். டிகிரி முடித்துப் போகிற வழியில் மட்டும் ஒரு சந்து இருந்தது. லேசர் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கலாம். ஆனால் இருபது வயசு முடிவதற்கு முன்னால் செய்திருக்கக் கூடாது. செய்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். கருவிழி போதிய தடிப்பு இருக்க வேண்டும், விழியின் நீளம் ஒரு அளவைத் தாண்டக் கூடாது. செய்த தேதியைப் போட்டு டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், டியூஷனில் கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

"எதுக்கு இருபது வரிக்கும்? இப்பவே பண்ணா ஆவாதா?" என்றாள் அம்மா.

"கண்ணு வளர்ந்துக்கினே இருக்கும்மா. பவர் நிக்கணும். முன்னாடியே பண்ணா எடுத்துக்க மாட்டாங்க."

"எதுக்கோ ஒண்ணுக்கு கண்ணாடி போனா சரி. பொண்ணு பாக்க வர்றவன் கண்ணாடியத்தான் மொதல்ல பாக்கறான்."

ஆக இருபது என்பது வீட்டில் எல்லோருக்கும் வேண்டிய நாளாகிவிட்டது. அம்மாவுக்கு ஒரு காரணம், எனக்கு ஒரு காரணம், அப்பாவுக்கு என் காரணமே போதும். கல்லூரியில் தோழிகள் லேசர் பண்ணிக்கொண்டு வந்தார்கள். நான் காத்திருந்தேன். "இருபது முடியட்டும்" என்று நாங்கள் அடிக்கடி சொன்னோம். சொன்னபோதெல்லாம் எங்கள் மூன்று பேர் மனசிலும் இருந்தது பங்குனி உத்திரம்.

உத்திரம் வந்தது, இருபது முடிந்தது. சாமி கல்யாணக் கூட்டம் வடிந்த கையோடு நானும் அப்பாவும் சென்னைக்குப் போனோம். பெரிய கண் ஆஸ்பத்திரி, ரிசப்ஷனில் என் வயசில் ஒரு பெண். ஆதாரை வாங்கி கம்ப்யூட்டரில் தட்டினாள். அப்பாவிடம் கேட்டாள்.

"ஏஜ் இருபதுன்னு சொன்னீங்க. இதுல பதினெட்டுதானே காட்டுது சார்?"

"அது ஸ்கூல்ல குடுத்ததும்மா. ஒண்ணு கொறைச்சுப் போட்டது, ஜூன் வந்தாத்தான் அதுல பத்தொம்பது. உண்மையான வயசு இருபது முடிஞ்சுது, இப்பதான் உத்திரத்துக்கு."

அந்தப் பெண் சிரித்தாள். "எங்க வீட்லயும் அப்படித்தான் சார். எனக்கு ஜூன் அஞ்சு. பதினெட்டு தாண்டியிருந்தா எங்களுக்குப் போதும், பிரச்சினை இல்ல."

"எனக்கு ஜூன் ஒண்ணு" என்றேன் நான்.

"நாலு நாள் பெரியவங்க நீங்க."

மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் இப்போது அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அதில் ஒரு குறையும் இல்லை. நல்ல சிரிப்பு.

ஆபரேஷன் வலிக்காது. சொட்டு மருந்து விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கண் மரத்துப்போகும். மூட முடியாதபடி இமையை விலக்கி வைத்துவிடுவார்கள். நம் கண்ணுக்கு என்ன நடக்கிறது என்பதை நம் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். "பச்சைப் புள்ளியையே பாரும்மா, அதை மட்டும் பாரு" என்றார் டாக்டர். பார்த்தேன். முடி கருகுகிற வாசனை வந்தது. என்னுடையதுதான் என்று தெரிந்தது. ஆனால் வேறு யாருக்கோ நடக்கிற மாதிரி இருந்தது. முடிந்த பிறகு டாக்டரிடம் மறக்காமல் கேட்டு வாங்கினேன். "சார், ஆபரேஷன் தேதியைக் கொஞ்சம் தெளிவா எழுதுங்க. பின்னாடி கேப்பாங்க." தெளிவாகவே எழுதினார். டாக்டர் கையெழுத்து மாதிரியே இல்லை.

சொன்ன நாளெல்லாம் கண்ணைத் தேய்க்காமல் இருந்து, அப்புறம் கடைக்குப் போனேன். அப்பா என்னைக் கடைக்குள் விடவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். வாசலில் நின்று ஒரு சேலையைப் பிரித்துப் பிடித்தார். நடுவில் டவுன் பஸ் போனது, ஷேர் ஆட்டோ போனது.

"இன்னா?"

"குயில்கண்!" என்று கத்தினேன். "மூணாவது வரிசையில ஒரு எடத்துல ஜரிகை விட்டுருக்குது!"

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சேலையை முகத்துக்கிட்டே கொண்டுபோய்த் தேடினார். இருந்தது. முதலாளி மாமா வாசலுக்கே வந்துவிட்டார்.

"விக்கிற சேலையில கொறை கண்டுபுடிக்கத்தான் ஆபரேஷன் பண்ணிக்கினியா? போம்மா, பிளேன் ஓட்டப் போ. கடைய காலி பண்ணு."

எழுத்துத் தேர்வு எழுதினேன், தேறினேன். ஐந்து நாள் வைத்துப் பார்க்கிற தேர்வில் ஓடினேன், பேசினேன், படம் பார்த்துக் கதை எழுதினேன், அதுவும் தேறியது. கடைசியாக, ரயிலேறி வெளியூர் போய் மருத்துவப் பரிசோதனை. புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கிற நிறச் சோதனைப் புத்தகத்தை என் முன்னால் வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அரக்குக்கும் மிளகாய்ப்பழச் சிவப்புக்கும் வித்தியாசம் சொல்லி வளர்ந்தவள் நான். பக்கத்தைத் திருப்புவதற்குள் சொல்லிக்கொண்டே போனேன். விழியின் நீளம் சரி. கருவிழித் தடிப்பு சரி. எழுத்துப் பலகையில் கடைசி வரியைத் தாண்டி, கீழே பொடியாக அச்சடித்திருந்த கம்பெனி விலாசத்தையும் படித்தேன். கண் டாக்டர் ஒரு பெண் அதிகாரி. ஆங்கிலத்தில்தான் பேசினார், எனக்கு நினைவில் இருப்பது தமிழில்.

"ரொம்ப நல்ல கண். நல்ல ஆபரேஷன். யார் செய்தது?"

சொன்னேன்.

அவர் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இதைச் செய்துகொண்டபோது உனக்கு என்ன வயது?"

"இருபது மேடம். முடிந்திருந்தது."

"பதினெட்டு."

"இல்லை மேடம். இருபது முடிகிறவரை காத்திருந்துதான்..."

அப்போதுதான் என் காதிலேயே அது விழுந்தது. வீட்ல ஆறு. ஸ்கூல்ல அஞ்சு.

"எந்த சர்டிபிகேட்டில் இருபது?" என்று கேட்டார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. ஏதாவது இருந்தால் எடு, பார்க்கிறேன் என்கிற மாதிரித்தான் கேட்டார். என்னிடம் எதுவும் இல்லை. பங்குனி உத்திரத்தை எந்த பைலில் வைத்துக் கொடுப்பது. தகுதி இல்லை என்று அவர் எழுதினார். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் இது கண்ணைப் பார்த்து மாற்றுகிற விஷயம் இல்லை, தேதி என்றார். அப்புறம், "ஐ ஆம் சாரி" என்றார். அது மட்டும் ஆங்கிலத்திலேயே நினைவிருக்கிறது.

அழவில்லை. அழ வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அந்தச் சொட்டு மருந்து மறுபடி விட்ட மாதிரி இருந்தது. ஸ்டேஷனில் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டேன். மிளகு நிறைய இருந்தது. எதிர் பிளாட்பாரத்தில் ஒரு பெட்டியின் மேல் ஒட்டியிருந்த முன்பதிவுப் பட்டியலில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

காஞ்சிபுரத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் பையோடு கடைக்குப் போனேன். அப்பா ஒரு கல்யாண வீட்டுக்காரர்களுக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்தார். நான் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டார்.

"வயசு பத்தலையாம்பா."

"இன்னா வயசு பத்தல? உனுக்குத்தான்..."

 சேலை பாதி விரிந்து அவர் கையில் தொங்கியது.

"ஆபரேஷன் பண்ணப்ப அவங்க கணக்குல எனக்குப் பதினெட்டுதான்" என்றேன்.

"அந்த மாம்பழக் கலரை இன்னொரு வாட்டி காட்டுங்க" என்றது அந்தக் கல்யாண வீட்டு அம்மா.

அப்பா எடுத்தார், உதறினார். சொடக்குச் சத்தம் வரவில்லை. சேலை பாதி வழியிலேயே தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து, மறுபடி உதறி, மடியில் போட்டார். பார்டரைப் பற்றிச் சொன்னார், ஜரிகையைப் பற்றிச் சொன்னார். அவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

மாமா, அம்மாவின் தம்பி, கோர்ட்டில் போட்டு வயசை மாற்றலாம் என்றார். வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். பத்தாவது சர்டிபிகேட் வந்து இத்தனை வருஷம் கழித்தா என்று கேட்டு, எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். "கண்ணாவது நல்லா ஆச்சே" என்றாள் அம்மா. ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அதற்கப்புறம் பெண் பார்க்க வந்தவர்களும் கண் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அப்பா ஒரே ஒரு தரம் பேசினார். மொபெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தேன், காலையில், கடைக்குப் போகிற வழி. திரும்பாமலே சொன்னார்.

"எனுக்கு எங்கப்பன் கூட்டிப் போட்டான். நான் உனுக்கு..."

"பஸ் வருதுப்பா. ஓரமா ஓட்டு."

ஓரமாக ஓட்டினார்.

எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்த மருத்துவ அறை இல்லை. அதற்கு முந்தைய ஜூன் ஒண்ணு. ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் கடந்துவிட்டது, விதியில் இருந்த காத்திருப்பும் தீர்ந்தது என்ற சந்தோஷத்தில் இருந்தேன். சாயங்காலம் நானும் அப்பாவும் மாடியில். கைப்பிடிச் சுவர் அதற்குள் கட்டி, வெள்ளை அடித்து, அதுவும் பழுப்பாகிவிட்டது. என் போனில் பேங்கிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து வந்தது. கேக் படம், பலூன். அப்பாவிடம் காட்டினேன்.

"பாருப்பா. அவங்க கணக்குக்கு இன்னைக்குத்தான் எனக்கு இருபது முடியுது."

அப்பா போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் சின்னப் பொண்ணாவே இருக்கிறியே நீ. இதுக்கு ஒரு கேக்கு வாங்கியாரவா?"

"வாங்கியா. கவர்மெண்டு செலவு."

வயிற்றில் அந்தச் சத்தம் கேட்டது. அரக்கோணம் பக்கத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று தாழ வந்தது. அப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வால்ல இன்னாமோ எழுதியிருக்குது பாரு. இன்னா அது?"

அது எங்கள் தலைக்கு மேல் வருவதற்கு முன்னாலேயே நான் படித்துவிட்டேன். ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக, சத்தமாகச் சொன்னேன். முன் ஜன்னலில் ஒரு தலையும் தெரிந்தது. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார், அவருக்கும் தெரிகிற மாதிரி.